அடுத்த கூட்டுப் பயிற்சியில் எங்களையும் கப்பலில் ஏற்றிப் பாருங்கள்

பெறுநர்: பன்னாட்டுக் கூட்டுப் பயிற்சிகளைத் திட்டமிடும் அதிகாரிகள், ஒருங்கிணைந்த பாதுகாப்புப் படைத் தலைமையகம், பாதுகாப்பு அமைச்சகம், புது தில்லி.

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

வணக்கம். காரைக்குடியை அடுத்த கோட்டையூரிலிருந்து இந்தத் திறந்த மடலை எழுதுகிறேன். இந்தியக் கடற்படையின் தகவல் தொடர்புப் பிரிவில் மாலுமியாகப் பதினைந்து ஆண்டுகள் பணிபுரிந்து ஓய்வுபெற்றவன்; இப்போது காரைக்குடியில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கு எழுதுகிறேன். கேட்க வந்தது ஒன்றுதான் என்பதால் அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தியா நடத்துகிற, பங்கேற்கிற பன்னாட்டுக் கூட்டுப் பயிற்சிகளில், போர் மூண்ட அல்லது பேரிடர் தாக்கிய நாட்டிலிருந்து பொதுமக்களை மீட்டு வரும் ஒத்திகையை நிலையான ஒரு பகுதியாகச் சேர்க்க வேண்டும். அந்த ஒத்திகையில் மாலுமிகளையே பொதுமக்களாக நடிக்க வைக்காமல், எங்களைப் போன்ற ஊர்களிலிருந்து உண்மையான பொதுமக்களை, கிழவர், குழந்தை, நோயாளி உட்பட, கப்பலில் ஏற்றி இறக்கிப் பார்க்க வேண்டும்.

இதைக் கேட்கச் செட்டிநாட்டுக்காரனுக்கு என்ன வந்தது என்று உங்களுக்குத் தோன்றலாம். எங்கள் ஊர்களில் கடலும் இல்லை, படைத்தளமும் இல்லை. செட்டிநாடு கால்நடைப் பண்ணைக்குள் இரண்டாம் உலகப் போர்க்காலத்து ஓடுதளம் ஒன்றின் மிச்சம் கிடக்கிறது. போருக்கும் எங்களுக்கும் கண்ணுக்குத் தெரிகிற தொடர்பு அவ்வளவுதான். ஆனால் கடல் கடந்து பிழைப்பதற்கு எங்கள் பக்கத்தில் 'கொண்டுவிற்கப் போவது' என்று தனிச்சொல்லே உண்டு. ரங்கூன், மோல்மேன், பினாங்கு, சிங்கப்பூர், சைகோன், கொழும்பு என்று நகரத்தார், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள், பெட்டி வைத்து லேவாதேவி நடத்திய ஊர்களுக்கெல்லாம், அவர்களோடு கணக்கப்பிள்ளைகளும் சமையல்காரர்களும் எடுபிடிகளுமாக இந்த வட்டாரத்தின் எல்லாச் சாதிக்காரர்களும் போனார்கள். 1930களில் விலை வீழ்ந்து, கடன் திரும்பாமல், கீழ்ப் பர்மாவின் நெல் வயல்களில் ஏறத்தாழக் கால் பங்கு செட்டியார்களின் கைக்கு வந்து சேர்ந்தது. (அது பர்மிய விவசாயிக்கு எப்படி வலித்திருக்கும் என்பதை எங்கள் ஊர்க்காரர்கள் அதிகம் பேசுவதில்லை, பேச வேண்டும்.) இன்றைக்கு எங்கள் பிள்ளைகள் வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இருக்கிறார்கள். ஊர்களின் பெயர்தான் மாறியிருக்கிறது. வீட்டுக்கு ஒருவராவது அயலில் இருப்பது மாறவில்லை.

என் ஐயா, அதாவது அப்பாவைப் பெற்றவர், ரங்கூன் மொகல் தெருவில் ஒரு கிட்டங்கியில் (நகரத்தார் தங்கித் தொழில் நடத்திய பொதுக் கட்டடம்) சமையல்காரராக இருந்தார். 1941 டிசம்பர் 23ஆம் தேதி ஜப்பானிய விமானங்கள் ரங்கூனின்மேல் குண்டு போட்டன. கிட்டங்கியில் இருந்தவர்களில் கப்பல் சீட்டுக் கிடைத்தவர்கள் முதலில் போய்விட்டார்கள். கிடைக்காத பதினோரு பேர் பிப்ரவரியில் ரயிலேறிப் புரோம் வரை வந்து, அங்கிருந்து அரக்கான் மலைத்தொடரைக் கால்நடையாகக் கடந்து, கரையோரத்து டவுங்கூப்புக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அங்கிருந்து படகில் அக்யாப், பிறகு சிட்டகாங், கல்கத்தா. அந்த ஆண்டு பர்மாவிலிருந்து இப்படி வெளியேறிய இந்தியர்கள் நான்கு, ஐந்து லட்சம் பேர் என்று மதிப்பிடுகிறார்கள். வழியில் காலராவுக்கும் பசிக்கும் போனவர்களின் சரியான கணக்கு யாரிடமும் இல்லை.

எங்கள் ஐயாவின் கூட்டத்துக்கு மட்டும் ஒரு கணக்கு இருக்கிறது. புறப்படுவதற்கு முந்தின இரவு, கிட்டங்கியின் அடுத்தாள் (மேலாளருக்கு அடுத்த நிலையில் இருந்தவர்) பேரேட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்துப் பதினோரு பேரின் பெயர், தகப்பனார் பெயர், ஊர் மூன்றையும் மூன்று பத்தியாக, வரவு செலவு எழுதுவதுபோலவே எழுதி ஐயாவிடம் கொடுத்திருக்கிறார். அந்தத் தாள் எங்கள் வீட்டில் ஒரு பர்மா அரக்குச் சம்படத்துக்குள் இருக்கிறது. மடிப்பு விழுந்த இடங்களில் ஓட்டை. ஓரத்தில் எண்ணெய்க் கறை. மூன்று பெயர்களின்மேல் பென்சிலால் ஒற்றைக் கோடு. நாலாவது ஒரு பெயருக்கு எதிரே கோடு இல்லை. 'காணோம்' என்று மட்டும் எழுதியிருக்கிறது. இறந்ததைப் பார்க்காமல் கோடு போட அவருக்கு மனம் வரவில்லை என்று அப்பத்தா சொல்லுவார்கள். டவுங்கூப்பில் படகுக்காரன் ஆள் எண்ணியபோதும், சிட்டகாங்கில் அதிகாரி ஊர் கேட்டபோதும், எழுதப் படிக்கத் தெரியாத ஐயா எடுத்து நீட்டியது இந்தத் தாளைத்தான்.

பிற்பாடு நான் கடற்படையில் சேர்ந்து, பழைய போர்களின் வரலாற்றைப் படிக்கத் தொடங்கிய பிறகுதான், ஐயா மலையேறிக்கொண்டிருந்த அதே நாட்களில் கடலில் என்ன நடந்தது என்பது எனக்குத் தெரிந்தது. அமெரிக்கா, பிரிட்டன், நெதர்லாந்து, ஆஸ்திரேலியா ஆகிய நான்கும் சேர்ந்து 1942 ஜனவரியில் ஒரு கூட்டுத் தலைமையகத்தை ஜாவாவில் அமைத்து, பிரிட்டிஷ் ஜெனரல் வேவலை அதற்குத் தலைவராக்கியிருந்தன. பர்மாவும் அதன் பொறுப்பில்தான் இருந்தது. பிப்ரவரி 23இல் பர்மாவின் சிட்டாங் ஆற்றுப் பாலத்தைப் பிரிட்டிஷ் தரப்பே தகர்த்தபோது, 17ஆவது இந்திய டிவிஷனின் பெரும்பகுதி ஆற்றுக்கு அந்தக் கரையிலேயே சிக்கிக்கொண்டது. 25இல் அந்தக் கூட்டுத் தலைமையகம் கலைக்கப்பட்டது. அது இயங்கியது ஏறத்தாழ ஆறு வாரம். 27இல் ஜாவாக் கடலில், டச்சு அட்மிரல் டோர்மன் தலைமையில் ஐந்து குரூசர்களும் ஒன்பது டெஸ்ட்ராயர்களும் ஜப்பானியக் கடற்படையை எதிர்த்துப் போயின. நான்கு நாடுகளின் கப்பல்கள் அவை. முறையாக ஒன்றாகப் பயிற்சி செய்தவை அல்ல. பொதுவான சங்கேத ஏடு கிடையாது. அட்மிரலின் கட்டளையை, அவருடன் இருந்த அமெரிக்கத் தொடர்பு அதிகாரி ஆங்கிலமாக்கி அனுப்ப, அது இன்னொரு கப்பல் வழியாக மற்றக் கப்பல்களுக்குப் போய்ச் சேர வேண்டியிருந்தது. அன்றிரவு அட்மிரல் தம் கப்பலோடு மூழ்கினார். மார்ச் 8இல் ரங்கூன் வீழ்ந்தது.

ஜப்பானின் பலம், விமானப் பாதுகாப்பு இல்லாமை என்று அந்தத் தோல்விக்குக் காரணங்கள் பல உண்டு. ஆனால் சிக்னல்காரன் கண்ணுக்கு முதலில் படுவது, ஆபத்து வந்த பிறகு அறிமுகமாகிக்கொண்ட கூட்டாளிகளின் நிலைமைதான். கூட்டுப் பயிற்சிகள் எதற்கு, வெளிநாட்டுக் கப்பல்களோடு சேர்ந்து எரிபொருளைக் கரைப்பானேன் என்று கேட்பவர்களுக்கு ஜாவாக் கடலை நான் சொல்லுவது வழக்கம். ஆகவே இந்த மடலைக் கூட்டுப் பயிற்சிகளுக்கு எதிரான மடலாக யாரும் படிக்க வேண்டாம்.

இந்தியா எந்த நாட்டோடும் படைக் கூட்டணி ஒப்பந்தம் வைத்துக்கொள்ளாமலேயே பல நாடுகளோடு பயிற்சி செய்கிறது என்பதும், அரசு 'நேச நாடு' என்று சொல்லாமல் 'நட்பு நாடு' என்றே சொல்லுகிறது என்பதும் எனக்குத் தெரியும். அமெரிக்காவும் ஐரோப்பிய நாடுகளும் சேர்ந்த நேட்டோ கூட்டணியில் ஒருவரைத் தாக்கினால் எல்லோரையும் தாக்கியதாகக் கொள்ள வேண்டும் என்று ஒப்பந்தத்தின் ஐந்தாம் பிரிவு சொல்லுகிறது. நமக்கு அப்படி ஒரு காகிதம் இல்லை. அதனாலேயே பயிற்சிக்கு இங்கே கூடுதல் கனம் வருகிறது. 1992இல் அமெரிக்காவோடு தொடங்கிய மலபார் கடற்படைப் பயிற்சி, 1998 பொக்ரான் அணுகுண்டுச் சோதனைக்குப் பிறகு நின்று, 2002இல் மீண்டும் நடந்தது. 2015இல் ஜப்பான் நிலையாகச் சேர்ந்தது, 2020இல் ஆஸ்திரேலியா திரும்பி வந்தது. அந்தந்தக் காலத்து உறவின் நாடியை அதில் பிடித்துப் பார்த்துவிடலாம்.

2007 செப்டம்பரில் வங்காள விரிகுடாவில் ஐந்து நாடுகள் சேர்ந்து நடத்திய மலபாரில் நான் இருந்தேன். நான் இருந்த கப்பலின் பெயர் இங்கே வேண்டியதில்லை. நிமிட்ஸ், கிட்டி ஹாக் என்று இரண்டு அமெரிக்க விமானந்தாங்கிகள், நம் விராட், ஜப்பான், ஆஸ்திரேலியா, சிங்கப்பூர்க் கப்பல்கள். கரையில் இடதுசாரிக் கட்சிகள் சென்னையிலிருந்தும் கொல்கத்தாவிலிருந்தும் விசாகப்பட்டினத்துக்குக் கண்டனப் பயணம் போய்க்கொண்டிருந்தார்கள். எங்களுக்கு அதையெல்லாம் நினைக்க நேரமில்லை. முதல் நாள், ஒரே அழைப்புப் பெயரை ஐந்து நாட்டு உச்சரிப்பில் கேட்டு, "மறுபடி சொல்லுங்கள்" என்று கேட்பதிலேயே பாதிக் காவல் நேரம் போனது. வானொலியில் மூன்றை 'ட்ரீ' என்றும் ஒன்பதை 'நைனர்' என்றும் சொல்லுவது உலக வழக்கம். ஒன்பதும் ஐந்தும் இரைச்சலில் ஒன்றுபோல் கேட்டுவிடக் கூடாது என்பதற்காக. அந்த 'நைனரை'யே ஒருவர் இழுத்துச் சொல்ல, இன்னொருவர் விழுங்கிச் சொல்ல, நான் ஒரு கப்பலின் திசைக் கோணத்தைத் தவறாக எழுதி, மேலதிகாரியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். நான்காம் நாள் அதே குரல்கள் வந்தபோது, யார் பேசுகிறார் என்பது அழைப்புப் பெயரைக் கேட்பதற்கு முன்பே எனக்குத் தெரிந்தது. அந்த நான்கு நாள் பழக்கத்தை எந்த ஒப்பந்தத்தாலும் கொடுக்க முடியாது. (கடைசி நாள் எல்லாக் கப்பல்களையும் வரிசையாக நிறுத்திப் படம் எடுப்பார்கள். பத்திரிகைக்கு வருவது அந்தப் படம் மட்டுமே. பயிற்சியிலேயே ஒருவரும் ஒன்றும் கற்றுக்கொள்ளாத அரை நாள் அதுதான்.)

கப்பலும் கப்பலும் பேசிக்கொள்ள இவ்வளவு மெனக்கெடுகிற நாம், கப்பலில் ஏறப்போகும் மனிதரைப் பற்றி என்ன ஒத்திகை பார்த்திருக்கிறோம்? என் பணிக்காலத்தில் ஒருமுறை, துறைமுகத்தில் பொதுமக்களை மீட்கும் ஒத்திகை நடந்தது. நாற்பது மாலுமிகளுக்கு எண் எழுதிய பனியன் கொடுத்து, அவர்களை அகதிகள் என்று வைத்துக்கொண்டோம். நான் பதினேழாம் எண் அகதி. எல்லோரும் முப்பது வயதுக்கு உட்பட்டவர்கள். எல்லோருக்கும் ஆங்கிலமும் இந்தியும் தெரியும். வரிசையில் நில் என்றால் நிற்பார்கள், ஏணியில் ஏறு என்றால் ஏறுவார்கள். அரை மணிக்குள் நாற்பது பேரும் ஏறி, எண்ணிக்கை சரி என்று கையெழுத்தாகி, தேநீரும் பக்கோடாவும் வந்துவிட்டது. அகதிகளிலேயே அவ்வளவு ஒழுங்கான அகதிகளை உலகம் பார்த்திருக்காது.

உண்மையில் வருகிறவர்கள் எப்படி இருப்பார்கள்? சர்க்கரை நோய்க்கு ஊசி போட்டுக்கொள்ளும் ஆச்சி, அந்த மருந்தை ஐஸ் பெட்டியில் வைத்துக்கொண்டு வருவார்கள்; ஐஸ் உருகி ஒரு நாள் ஆகியிருக்கும். கைக்குழந்தையோடு ஏணி ஏற முடியாத தாய் இருப்பார். பாஸ்போர்ட்டை முதலாளி வாங்கி வைத்துக்கொண்டதால் கையில் ஒரு காகிதமும் இல்லாத தொழிலாளி இருப்பார். வளைகுடாவில் வேலை பார்த்த எவரைக் கேட்டாலும் இதைச் சொல்லுவார்கள். புருஷன் ஒரு நாட்டுக் குடிமகன், பெண்டாட்டி வேறு நாட்டுக் குடிமகள், பிள்ளை பிறந்தது மூன்றாவது நாட்டில் என்று ஒரு குடும்பம் நிற்கும். பனியனில் எண்ணோடு ஒருவரும் வரமாட்டார்கள்.

இதில் பெயர் ஒன்றே போதும், பட்டியல் முழுதும் குழம்பிப்போக. நம் பெயர்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தகப்பனார் பெயரின் முதலெழுத்துத்தான் முன்னால் நிற்கும். அயல்நாட்டுப் படிவம் 'கடைசிப் பெயர்' என்று ஒரு கட்டத்தை வைத்திருக்கும். ஒரு படிவத்தில் தகப்பன் பெயர் அந்தக் கட்டத்தில் ஏறும்; அடுத்த படிவத்தில் அதுவே முதல் பெயராகிவிடும்; ஒரே ஆள் இரண்டு பட்டியலில் இரண்டு ஆளாவார், அல்லது ஒரு பட்டியலிலும் இல்லாதவராவார். செட்டிநாட்டில் சிக்கல் இன்னும் ஒரு சுற்றுக் கூடுதல். பாட்டன் பெயரைப் பேரனுக்கு வைக்கும் வழக்கத்தால், நாற்பது பேர் கூடினால் ஆறு அண்ணாமலை, ஐந்து வள்ளியப்பன், ஏழு மீனாட்சி இருப்பார்கள். நகரத்தார் இதற்காகவே பல முதலெழுத்துகளைக் கோத்த 'விலாசம்' வைத்திருக்கிறார்கள். அந்த எழுத்து வரிசையைப் பார்த்தால் எந்த வீட்டு அண்ணாமலை என்று எங்கள் கடையில் கணக்கு எழுதுகிறவனே சொல்லிவிடுவான். ஜப்பானியக் கப்பலின் பட்டியலில் அது எப்படி ஏறும் என்று யாராவது ஒருமுறையாவது எழுதிப் பார்த்ததுண்டா?

என் சொந்தத்திலேயே பார்த்ததால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்லுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன், கலவரம் மூண்ட ஓர் அயல்நாட்டில் என் மைத்துனர் மகன் எலெக்ட்ரீஷியனாக இருந்தான். மீட்பு நடக்கும் இடத்துக்குத் தட்டுத்தடுமாறி வந்து சேர்ந்தவனிடம், உன் பெயர் பட்டியலில் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். பெயர் இருந்தது, தகப்பனார் பெயருக்குக் கீழே இருந்தது. அது தெரிந்து அவன் ஏறுவதற்கு இன்னும் ஒன்றரை நாள் ஆனது. இங்கே அவன் தாயார், கொடுத்திருந்த ஓர் எண்ணை இரவெல்லாம் அழைத்தார்கள். எடுத்தவருக்குத் தமிழ் தெரியாது. இவர்களுக்கு வேறு மொழி தெரியாது. மகன் பெயரை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லிவிட்டுத் தொலைபேசியை வைத்துவிட்டார்கள். பையன் நல்லபடியாக வந்து சேர்ந்தான். கொண்டுவந்து சேர்த்தவர்களின் உழைப்பைக் குறை சொல்லுவது என் நோக்கமில்லை. ஒத்திகையில் ஒருமுறை இந்தத் தவறு நடந்திருந்தால், நடக்கிற இடத்தில் நடந்திருக்காது என்பதைத்தான் சொல்லுகிறேன்.

மீட்பு வேலையில் நம் படைகளுக்கு உள்ள பெயர் பெரியது. 2015இல் ஏமனிலிருந்து 4,600க்கு மேற்பட்ட இந்தியர்களோடு, நாற்பதுக்கு மேற்பட்ட வேற்று நாடுகளைச் சேர்ந்தவர்களையும் சேர்த்து மீட்டார்கள். அதே நாட்களில் பாகிஸ்தான் கடற்படைக் கப்பல் ஒன்று ஏமனின் முகல்லா துறைமுகத்திலிருந்து 11 இந்தியர்களை ஏற்றிக் கராச்சியில் இறக்கியது. அவர்கள் அங்கிருந்து விமானத்தில் ஊர் வந்து சேர்ந்தார்கள். ஆபத்து வேளையில் யார் கப்பலில் யார் ஏறுவார் என்பதற்கு எந்தக் கூட்டணிக் கணக்கும் செல்லாது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை. 2020 ஜூனில் கொரோனா முடக்கத்தின்போது நம் கடற்படைக் கப்பல் ஐஎன்எஸ் ஜலாஷ்வா கொழும்பிலிருந்து 685 பேரையும், மாலத்தீவின் மாலேயிலிருந்து 700 பேரையும் தூத்துக்குடியில் கொண்டுவந்து இறக்கியது. 2023இல் சூடானிலிருந்து மக்களை மீட்ட நடவடிக்கைக்குக் 'காவேரி' என்றே பெயர் வைத்தீர்கள். 2025 மார்ச் 28இல் மாண்டலே பக்கம் பூமி அதிர்ந்தபோது, நம் ராணுவம் அங்கே கள மருத்துவமனை அமைத்தது. என் ஐயா விட்டுவந்த நாட்டுக்கு நம் விமானம் மருந்து கொண்டு போனதைச் செய்தியில் பார்த்தபோது, அரக்குச் சம்படத்தை எடுத்து ஒருமுறை திறந்து பார்த்தேன்.

கூட்டுப் பயிற்சிக்கும் மீட்புக்கும் உள்ள உறவும் உங்களுக்குப் புதிதல்ல. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு, நம் கடற்கரையிலேயே பிணம் ஒதுங்கிக்கொண்டிருந்த வேளையில், நம் கப்பல்கள் இலங்கைக்கும் மாலத்தீவுக்கும் இந்தோனேசியாவுக்கும் உதவி கொண்டு போயின. இந்தியா, அமெரிக்கா, ஜப்பான், ஆஸ்திரேலியா நான்கும் அன்று ஒரு குழுவாகச் செயல்பட்டன. அதற்குள் இந்திய, அமெரிக்க மாலுமிகள் பல மலபார்களில் ஒருவர் குரலை ஒருவர் கேட்டுப் பழகியிருந்தார்கள். அந்தப் பழக்கம் அன்று உதவியது என்பதை எங்கள் பிரிவின் மூத்தவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

பேரிடர் உதவிக்கென்றே பயிற்சிகள் இருப்பதையும் மறைக்க வரவில்லை. 2019 நவம்பரில் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் அமெரிக்காவோடு நடந்த 'டைகர் ட்ரையம்ப்', முப்படைகளும் சேர்ந்த பேரிடர் மீட்புப் பயிற்சி. 2021 டிசம்பரில் வங்காள விரிகுடா வட்டார நாடுகளின் கூட்டமைப்பான பிம்ஸ்டெக்குக்காகப் புனேயில் 'பேனெக்ஸ்' நடந்தது. தாய்லாந்தில் 1982 முதல் நடக்கும் 'கோப்ரா கோல்ட்' பயிற்சியில் பொதுமக்களை மீட்கும் ஒத்திகையும் உண்டு. இவையெல்லாம் இருக்கின்றன; ஆனால் நம்முடைய பெரிய பன்னாட்டுப் பயிற்சிகளில் நீர்மூழ்கி வேட்டைக்கும் வான் பாதுகாப்புக்கும் உள்ள மையமான இடம் இதற்கு இல்லை. அப்படி மையத்துக்குக் கொண்டுவர எனக்குப் பொருத்தமாகப் படுவது நம் கடற்படை நடத்தும் பன்னாட்டுப் பயிற்சியான 'மிலன்'. 1995இல் அந்தமானில் அது தொடங்கியபோது நம்மோடு வந்தவை இந்தோனேசியா, சிங்கப்பூர், இலங்கை, தாய்லாந்து என்ற நான்கு நாடுகள். 2024இல் விசாகப்பட்டினத்தில் ஏறத்தாழ ஐம்பது நாடுகள் கூடின. அந்த முதல் நான்கில், கிட்டங்கியும் கோயிலும் கட்டி எங்கள் முன்னோர் வாழ்ந்த நாடுகளும் உண்டு. கொழும்பில் ஒரு நெருக்கடி என்றால் தாய்லாந்துக் கப்பல் தமிழனை ஏற்றும், சிங்கப்பூரில் ஒரு நெருக்கடி என்றால் நம் கப்பல் இந்தோனேசியரை ஏற்றும். ஏற்றிய ஆளை எந்தப் பட்டியலில், எந்த எழுத்தில், யார் பொறுப்பில் மாற்றிக் கொடுப்பது என்பதை மிலனில் பழகாமல் வேறு எங்கே பழகுவது?

பொதுமக்களைப் படைக் கப்பலில் ஏற்றினால் பாதுகாப்புக்கு என்ன ஆவது என்று கேட்பீர்கள். 2024 ஆகஸ்டில் கோவையை அடுத்த சூலூர் விமானப்படைத் தளத்துக்கு ஜெர்மனி, பிரான்ஸ், ஸ்பெயின், பிரிட்டன் நாடுகளின் போர் விமானங்கள் வந்து 'தரங் சக்தி' பயிற்சியில் கலந்துகொண்டன. அந்நிய நாட்டு விமானியைத் தளத்துக்குள் விட்டு, காட்ட வேண்டியதைக் காட்டி, மறைக்க வேண்டியதை மறைக்கத் தெரிந்த உங்களுக்கு, கோட்டையூர் ஆச்சியைத் துறைமுகத்தின் ஒரு மேடையிலிருந்து கப்பலின் ஒரு தளத்துக்கு அழைத்துப் போய்த் திரும்பக் கொண்டுவருவது பெரிய காரியமில்லை. காவல்துறைச் சான்று, மருத்துவச் சான்று, காப்பீடு என்று எதைக் கேட்டாலும் தருகிறோம். செலவைப் பொறுத்தவரை, பயிற்சிக்காக ஏற்கெனவே துறைமுகத்தில் நிற்கும் கப்பலில் அரை நாள் கேட்கிறேன். அந்தப் படம் எடுக்கும் அரை நாளைக் கொடுத்தாலும் போதும்.

வேண்டியவற்றைத் தெளிவாகச் சொல்லுகிறேன். ஒத்திகை தூத்துக்குடியில் நடக்கட்டும். ஜலாஷ்வா வந்து மக்களை இறக்கிய துறை அது, இலங்கைக்கும் மாலத்தீவுக்கும் பக்கம். குறைந்தது மூன்று நாட்டுக் கப்பல்கள் பங்கேற்கட்டும். ஏறுகிறவர்களின் பட்டியலை ஒரு நாட்டு மாலுமி எழுதி, இன்னொரு நாட்டுக் கப்பல் வாங்கி, மூன்றாவது நாடு இறக்கிச் சரிபார்க்கட்டும். எங்கே பெயர் தவறியது, எங்கே ஆள் தவறினார் என்பது அன்றே தெரிந்துவிடும். படிவத்தில் தகப்பனார் பெயருக்குத் தனிக் கட்டம் வையுங்கள். கரையில் தமிழ் தெரிந்த ஒருவர் தொலைபேசி அருகே இருக்கட்டும். முடிந்ததும், ராணுவ ரகசியம் எதுவும் இல்லாத இந்த ஒரு பகுதிக்கு மட்டுமாவது, எத்தனை பேர் ஏறினார்கள், எவ்வளவு நேரம் ஆனது, எத்தனை பெயர் பிழையானது என்று ஓர் ஐந்தொகை எடுத்துத் தமிழிலும் வெளியிடுங்கள். கடை நடத்துகிறவன் ஆண்டு முடிவில் எடுக்காமல் இருப்பானா?

நாற்பது பேரை நான் திரட்டித் தருகிறேன். எங்கள் தெருவில் கேட்டுவிட்டேன். பதினெட்டுப் பேர் இப்போதே சம்மதம் சொல்லியிருக்கிறார்கள். அதில் எண்பது கடந்தவர்கள் மூவர், கைக்குழந்தைக்காரி ஒருவர், சக்கர நாற்காலியில் ஒருவர், காது மந்தமானவர் ஒருவர். மூன்று அண்ணாமலை இருக்கிறார்கள். வேண்டுமென்றே மூவரையும் சேர்த்திருக்கிறேன். ஐயாவின் தாளின் நகலை இத்துடன் இணைத்திருக்கிறேன். எங்கள் நாற்பது பேரின் பட்டியலையும் அதே மூன்று பத்தியில் எழுதி அனுப்புகிறேன், உங்கள் படிவத்தில் அது எப்படி ஏறுகிறது என்று முதலில் அங்கேயே ஏற்றிப் பாருங்கள். காரைக்குடியிலிருந்து தூத்துக்குடிக்குப் பேருந்துச் செலவு எங்களுடையது. மதியச் சாப்பாடு மட்டும் கப்பலில் போட்டுவிடுங்கள். ஆச்சிமாருக்கு உப்புக் குறைவாக.

இப்படிக்கு,
கோட்டையூரிலிருந்து,
ஓய்வுபெற்ற கடற்படைச் சிக்னல்காரன்